தாலாட்டுக்கு வழக்கு கிடையாது

எங்கள் வீட்டில் எழுத்தாளர் என்று ஒருவர் இருந்தார். அது நான் இல்லை, என் வீட்டுக்காரர். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சாயங்காலம் வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதை எழுதுகிறாராம். அந்தக் கதைகள் சென்னைக்குப் போய், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கே பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். ஒரே ஒரு பத்திரிகை ஆசிரியர் மட்டும் மனம் இரங்கி, வாழ்க்கையைப் பார்த்து எழுதுங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு, வாழ்க்கையைப் பார்க்கப் புதுக்கோட்டை ரயிலடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். வாழ்க்கை ரயிலில்தான் வந்து இறங்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

இது ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில். எனக்குப் பத்தொன்பது வயது. மடியில் பத்து மாதப் பெண்குழந்தை. வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், அவ்வளவுதான். மாமியார் என்றவுடன் நரைத்த கொண்டையும் தளர்ந்த நடையுமாக நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அப்போது நாற்பது நிறையவில்லை. தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் தெருவில் வந்தால், புதிதாக வந்தவர்கள் அவரைத்தான் மருமகள் என்று நினைப்பார்கள். அந்த வருத்தம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமியாரை எதிர்த்துப் பேசக் கூடாது. பேசினால் நாலு வீட்டுப் பெண்கள் முற்றத்தில் கூடிவிடுவார்கள். ஆனால் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் என்ன வேண்டுமானாலும் பாடலாம். அதில் புகுந்த வீட்டின் மானம் கப்பலேறினாலும், அது என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளை எழுந்துகொள்ளும். எழுந்தால் கேட்டவர்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். தாலாட்டுக்கு வழக்கு கிடையாது என்பது ஊர்ப் பேச்சு. ஆகவே வாயடைத்துப் போன பெண்களெல்லாம் பிள்ளை பெறும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

நான் அதுவரை அப்படியெல்லாம் பாடியதில்லை. நிலா, மயில், மாமன் கொண்டுவரும் மல்லிகைப்பூ என்று ஊரார் பாடுவதையே பாடிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது.

கறம்பக்குடிக் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு மளிகைக் கடை. தெருவில் அதுவரை யாரும் கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடித்ததில்லை. அப்பா அச்சடித்துவிட்டார். ரோஸ் நிறத்தாள், மேலே பிள்ளையார், ஓரமெல்லாம் கொடியும் பூவும். அந்த அழகைப் பார்த்து அவருக்குத் தலை கால் புரியவில்லை. அச்சடித்ததே பெரிய மரியாதை என்று நினைத்து, ஊருக்கெல்லாம் தபாலில் போட்டார். அதே வேகத்தில் சம்பந்தி வீட்டுக்கும் தபாலில் போட்டுவிட்டார்.

சம்பந்தி வீட்டை எப்படி அழைப்பது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் வைத்து, வாசற்படி தாண்டி உள்ளே வந்து, தட்டை நீட்டி, வாய் நிறையச் சொல்லி அழைக்க வேண்டும். பாக்கு வைக்காத கல்யாணத்துக்குப் போவதும் கூப்பிடாத பந்தியில் போய் உட்காருவதும் ஒன்றுதான்.

தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பத்திரிகையை நீட்டினார். என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு? எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். கறம்பக்குடி என்றார் தபால்காரர். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏத்தா, சம்பந்தி வந்திருக்காரு. பாயை எடுத்துப் போடு."

தபால்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு கோழிதான் நின்றது. மாமியார் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தி, வழியில் வெயில் அதிகமோ, வீட்டில் எல்லாரும் சுகமா, கல்யாண வேலையெல்லாம் எந்த மட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த மனிதர் தண்ணீரைக் குடித்ததும் குடிக்காததுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் எதிர்வீட்டு அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். மாமியார் அவர்களிடம், அழைப்பு கொண்டுவந்தவருக்கு மரியாதை செய்தாயிற்று, அழைக்க வராதவர் வீட்டுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு காக்கை குருவிகூடப் போகாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் காக்கை குருவியில் நானும் அடக்கம்.

எனக்கு இருப்பது ஒரே தங்கை. நான் கல்யாணமாகி வரும்போது, என் கல்யாணத்துக்கு நீதான் வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். சித்திரை பிறந்து பாதி போயிருந்தது. அவள் மணையில் உட்காரும்போது நான் இங்கே புளி கரைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு வெந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஒருதரம் கறம்பக்குடி போய் அப்பாவிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று. மருமகன் தானே போய் என்னை அழையுங்கள் என்று கேட்டால் ஊர் சிரிக்காதா என்றார். அதுவும் நியாயம்தான். நானே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், நேரில் வந்து தட்டு வைத்து அழையுங்கள் என்று. அப்பா பதில் எழுதினார். அச்சில் இவ்வளவு மரியாதையாகப் போட்ட பிறகு வேறு என்ன மரியாதை வேண்டுமாம் என்று. அந்தப் பதிலையும் தபால் கார்டில்தான் எழுதியிருந்தார். அதையும் என் மாமியார்தான் வாசலில் வாங்கினார்.

அன்று மத்தியானம் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தேன். நிலாவும் மயிலும் வாயில் வரவில்லை. வேறொன்று தானாக வந்தது.

சித்திக்குக் கல்யாணம் சீமையெல்லாம் சொல்லியாச்சு
பெத்தவ வயித்துலதான் பெருநெருப்பு வெச்சாச்சு
தங்கச்சி பக்கத்துல தனிமணையில் யாரிருப்பா
எங்கண்ணே நீயுறங்கு, ஏங்கறவ முழிச்சிருக்கேன்

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது. சரி, உறைத்திருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மறுநாள் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். பிள்ளை அழுதது. மாமியார் போய்க் கயிற்றைப் பிடித்தார். வழக்கமாக அவர் முனகலாகத்தான் பாடுவார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கொல்லைவரை கேட்கும்படி எடுத்தார்.

தபால்பெட்டி பெத்தபுள்ள தாலிகட்டப் போகுதாம்
சபையேறி அழைக்கவர சம்பந்திக்குக் காலில்லையாம்
முத்திரைய நக்கிஒட்டி மொறைசெஞ்ச வீட்டுக்குப்
பத்திரமாப் போகணுமா, பட்டுக்குட்டி நீ சொல்லு

தண்ணீர் வாளியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். என் அப்பாவைச் சொன்னதில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் தபால்தலையை நாக்கில் நக்கி ஒட்டுகிற அப்பாவின் முகம் கண்முன் வந்ததும், சிரிப்பையும் அடக்க முடியவில்லை. வைக்கோற்போருக்குப் பின்னால் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்துதான் வந்தன.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை பாட்டாகவே நடந்தது. நேரில் பார்த்தால் உப்பு எங்கே, புளி எங்கே என்பதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. தூளிக் கயிறு கைமாறியதும் வாய் திறந்துவிடும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு என் அப்பாவின் பத்திரிகை அவலாகிவிட்டது என்று பாடினேன். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி கயிற்றோடு அழுகிறது என்று என்னைப் பற்றியும் உருக்கமாக இரண்டு வரி சேர்த்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் பதில் வந்தது.

கன்னுக்குக் கயிறெடுத்துக் கட்டிவெச்ச கை யாரு
தின்னபுல்லு செமிக்காமத் திமிர்புடிச்ச கன்னு யாரு
சாம்பாருல உப்புமில்ல, சண்டைக்குக் கொறையில்ல
ஆம்பளைக்குத் தெரியாம அழுகைக்கும் கொறையில்ல

அன்றைய சாம்பாரில் உப்பில்லாதது உண்மை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரையேறிவிட்டது. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பாட்டு தொடங்கிய நாளிலிருந்து தம் கட்டிலைத் தூளிக்கு நேரே கேட்கிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டார். சல்லடை இரவல் கேட்க எதிர்வீட்டு அக்கா தினமும் தவறாமல் அந்த நேரத்துக்கு வந்தார். அவர் வீட்டில் அவ்வளவு சலிக்க என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும்விட மோசம் என் மகள். இரண்டு பேரும் பாடினால்தான் தூங்குவேன் என்று பிடிவாதம். ஒருவர் பாடி முடித்ததும் கண்ணைத் திறந்து, அடுத்தவர் எங்கே என்று தேடும்.

எனக்குத்தான் சங்கடம். நான் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்தவள். ஒரு பாட்டுக் கட்ட எனக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆகும். அவருக்கோ கயிற்றைத் தொட்டதும் வரும். என் பாட்டில் நெருப்பு, கண்ணீர் என்று பெரிய பெரிய வார்த்தைகள். அவர் பாட்டில் உப்பு, புல், தபால்தலை. என்னுடையதை எதிர்வீட்டு அக்கா பாவம் என்று கேட்டார். அவருடையதை மனப்பாடம் செய்துகொண்டு போனார். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும், அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. இன்று என் பேரில் நாலைந்து புத்தகம் வந்திருக்கிறது. அவற்றில் உருப்படியான இடங்கள் எல்லாம் அந்தத் தூளியடியில் அடி வாங்கிக் கற்றவைதான்.

இவ்வளவும் நடக்கும்போது எழுத்தாளர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? தாலாட்டுச் சத்தத்தில் கற்பனை கலைகிறது என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் காதில் வலி கண்டு பஞ்சை எடுத்திருக்கிறார். அன்றைக்குப் பாட்டு மாமியாரின் முறை. கதவு படீரென்று திறந்தது. கையில் பேனாவோடு ஓடிவந்து, அம்மா, இது எந்தக் காலத்துப் பாட்டு, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"ஒங்க அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டதுல கத்துக்கிட்டது," என்றார் மாமியார். "காத மூடிக்கிட்டு உள்ள போ. புள்ள எந்திரிச்சுரும்."

அவர் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்கும் போகவில்லை. ஆனால் இதனாலெல்லாம் என் காரியம் நடக்கவில்லை. வைகாசி பிறந்துவிட்டது. அப்பாவிடமிருந்து ஒரு அசைவும் இல்லை. எனக்குப் பாட்டும் வற்றிவிட்டது. ஒரு மத்தியானம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா ஆட்டினேன். பாடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. பிள்ளை தூங்கவில்லை. மாமியார் வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். இன்றைக்கும் என்னைக் கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

தெக்கால விட்டத்துல தூளிகட்டி நானுந்தான்
அக்கான்னு அழைச்சபுள்ள அழுகசத்தம் கேட்டிருந்தேன்
கப்பல்போன தெசைபார்த்துக் கண்ணுபூத்து நின்னவளை
எப்பவாச்சும் கேட்டாகளா இந்தவீட்டு மனுசரெல்லாம்

குரல் உயரவே இல்லை. கட்டிலில் இருந்த மாமனார் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தாலாட்டில் சொன்னதைக் கேட்கக் கூடாது என்பதை அன்று நான் மீறினேன். எந்தக் கப்பல் அத்தை என்று கேட்டேன். அவர் கயிற்றை ஆட்டிக்கொண்டே சொன்னார். அவருக்கும் ஒரு தங்கை. கல்யாணம் நிச்சயமானபோது என் மாமியாருக்குப் பதினேழு வயது. இதே விட்டத்தில் தூளி. தூளிக்குள் கிடந்தது என் வீட்டுக்காரர். பாக்கு வைக்க வந்தவர்கள் தட்டைத் தெற்குப் பார்த்து வைத்துவிட்டார்களாம். அதை ஒரு குற்றமாக்கி, போகக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் முடிந்த மாதமே தங்கையும் மாப்பிள்ளையும் பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். பிறகு சண்டை வந்தது. குண்டு விழுந்தது. நடந்தே திரும்பி வந்தவர்களை எல்லாம் ஆள் விட்டு விசாரித்தார்கள். தங்கையைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை.

"நலுங்குக்கு ஒரு பாட்டுக் கட்டி வெச்சிருந்தேன். மாப்பிள்ளைய மானக்கேடாக் கேலி பண்ற பாட்டு. அது இன்னும் வாயிலயேதான் கெடக்கு. பாட எடமில்ல."

அப்படியானால் என்னையாவது அனுப்புங்களேன் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். ஊர் கேட்கச் சொன்ன சொல். தானே அதை மாற்றினால், நாளைக்கு இந்த வீட்டை யார் வேண்டுமானாலும் தபாலில் கூப்பிடலாம் என்று ஆகிவிடும். உன் அப்பா ஒரு நடை வந்து தட்டை நீட்டட்டும், உனக்கு முன்னால் நான் பஸ் ஏறுகிறேன் என்றார். இருவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம். என் அப்பாவின் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அவரை ஆராய்ச்சி செய்து பாடியதில் மாமியாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா சல்லடைக்கு வந்தார். அவருக்குப் பிறந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம். அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போவதாகவும், கடைத்தெருவில் அண்ணன் வைத்திருக்கும் கொட்டகையில் கடலை உடைக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். மாமியார் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு, பிள்ளை அழுகிறது என்று தூளியிடம் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை அழவே இல்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவு ராசாவுக்குக் கல்லாவ விட்டெறங்க
நடைவண்டி வேணுமாம், நாலுபேரு தள்ளணுமாம்
பாக்குவெச்சு அழைக்கவர பாதையில முள்ளிருக்காம்
நாக்குநுனி எச்சிலால நடத்துறாராம் கல்யாணம்

ஒரு பாட்டை மறுமுறை பாடாதவர் அவர். அன்று தூங்குகிற பிள்ளைக்கு அதையே திரும்பத் திரும்பப் பாடினார். இழுத்து, நிறுத்தி, வார்த்தை வார்த்தையாக. எதிர்வீட்டு அக்காவின் உதடு கூடவே அசைந்தது. அக்கா நன்றாகப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்ததும் மாமியார் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். என்னை ஒரு கண்ணால் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு நடந்ததை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். கடலை உடைக்கிற இடம் அப்பாவின் கடைக்கு அடுத்த கொட்டகை. பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். கைக்கு வேலை, வாய் சும்மாதானே? எதிர்வீட்டு அக்கா எடுத்துக் கொடுக்க, கொட்டகையே பாடியிருக்கிறது. அப்பாவுக்குப் பாட்டென்றால் உயிர். தராசில் பருப்பை நிறுத்துக்கொண்டே தாளம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், நாக்குநுனி எச்சிலால நடத்துறாராம் கல்யாணம் என்று ரசித்து முனகியிருக்கிறார். குழம்பு ஊற்ற வந்த அம்மாவின் கரண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. அது யார் கடை, யார் கல்யாணம், எந்த எச்சில் என்று அம்மா நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அப்பா அன்று மோருக்குக் காத்திருக்காமல் கை கழுவிவிட்டார்.

அடுத்த நாளே ஆலங்குடி வழியாக வருகிற பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் பூவும் பழமும். அப்பா கையில் பித்தளைத் தட்டு. வழிநெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பார் போல, வேட்டியெல்லாம் குங்குமம். வாசலுக்கு வந்தார்கள். நான் வாங்க என்று சொல்லி உள்ளே ஓடினேன். மாமியார் ஏற்கெனவே பார்த்துவிட்டார். நேரே தூளிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

பிள்ளையைத் தூங்க வைக்கிறபோது வந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அது யாரும் குறை சொல்ல முடியாத சட்டம். மாமியார் கடைத்தெரு ராஜாவின் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். அப்பா தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். முதல் அடியில் அவர் முகம் சிவந்தது. இரண்டாம் அடியில் கூரையைப் பார்த்தார். மூன்றாம் அடியில் பழக்க தோஷம் வென்றுவிட்டது. தட்டின் விளிம்பில் அவர் கட்டைவிரல் தாளம் போடத் தொடங்கியது. தலையும் ஆடியது. அதைப் பார்த்ததும் மாமியாருக்குச் சிரிப்பு வந்து பாட்டு உடைந்துபோனது. நான்காம் அடியைச் சிரித்துக்கொண்டேதான் முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்க சம்பந்தி. தபால்ல வந்திருந்தா இம்புட்டு நேரம் நின்னுருக்க வேணாமே."

அப்பா தட்டை நீட்டினார். வாய் நிறைய அழைத்தார். மாமனார் எங்கிருந்தோ வந்து, தட்டு சரியான திசை பார்த்துத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்குச் சொன்னபடியே எனக்கு முன்னால் பஸ் ஏறியது அவர்தான். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பந்தலில் நலுங்கு வைக்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நான் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்வீட்டார் கேலி பாட வேண்டிய நேரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் நீ பாடு நீ பாடு என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் யாரையும் கேட்கவில்லை. எழுந்து வந்து என் தங்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாடினார்.

மீசையில ஒருகாக்கா மேலேறிக் கூடுகட்டும்
ஆசையில எந்தங்கச்சி அதுக்குவந்து தீனிவெப்பா
பக்குவமா வெச்சுக்குங்க, பறவைக்கும் எடம்வேணும்

மாப்பிள்ளை மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் அன்று காலைதான் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். இல்லாத மீசைக்கு இப்படி ஒரு கேலியா என்று பந்தல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாரே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா தொடையில் தாளம் போட்டார். என் வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கைதட்டினார். அந்த மீசை யாருடையது என்று எனக்குத் தெரியும். சிரிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு மூன்றடியில் நின்றுவிட்டது. நாலாவது எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். அது மாப்பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார் மாமியார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சத்தத்தில், என் தங்கையின் முகத்தைத் தம் பக்கம் திருப்பி, அவள் காதோரம் குனிந்து மெதுவாக முடித்தார். அவளை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

அக்காமாரு நாங்களெல்லாம் அடிக்கடிதான் வந்துபோவோம்

என் தங்கை அவரை இதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.